பழைய வீடுகளும் வாடகைச் சட்டமும்

பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளை விற்பது ஒரு காலத்தில் கடினமாக இருந்தது. 1948, ஜனவரி 31 வரை கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை விருப்பம்போல் உயர்த்தவும் குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடமளிக்கவில்லை. அதனால், அவற்றை வாங்கப் பலர் தயங்கினர். குறைந்த வாடகையே கிடைத்ததால் உரிமையாளர்கள் பலர் வீடுகளைப் பழுதுபார்க்கவுமில்லை.

அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. குடியிருப்போருக்கு வழங்கப்பட்ட கால அவகாசம் 1999ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது. வீடுகளை விற்பது எளிதாயிற்று. ஆனால், வாடகை உயர்ந்ததால் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்களும் சிறு வணிகர்களும் வெளியேறினர்.

2008இல் ஜோர்ஜ்டவுன், மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாக மாறின. சுவர்களோடு அவற்றினுள் வாழும் மக்களும் நிலைத்திருந்தால்தான் ஒரு நகரின் பாரம்பரியம் நிலைக்கும்.