பதினொருவர் மட்டும் போதுமா?

2020 பருவம் முடிந்ததும் கெடா காற்பந்துக் குழுவின் தலைவர் பட்ரோல் பக்தியார் சபாவுக்கு மாறினார். அலோர் ஸ்டாரில் எங்கள் வீட்டில் அன்றிரவு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "இனிமேல் அவ்வளவுதான்" என்றார் அப்பா.

ஆனால், 2020-இல் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த கெடா, 2021-இலும் அதே இடத்தைப் பிடித்தது. ஒரு குழுவின் பலம் திடலில் இறங்கும் 11 பேரோடு முடிவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காயம், சிவப்பு அட்டை, தேசியக் குழுவின் அழைப்பு என எப்போது வேண்டுமானாலும் ஓர் இடம் காலியாகலாம். இப்போது ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றலாம் என்பதால் மாற்று ஆட்டக்காரரின் மதிப்பும் கூடிவிட்டது.

காற்பந்தில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது அபூர்வம். பணம் கொடுத்து வாங்கலாம், இரவல் பெறலாம், ஒப்பந்தம் முடிந்தவரைச் சேர்க்கலாம். எந்த வழியில் வந்தாலும் அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கெடா சறுக்கியது இங்கேதான். சம்பள பாக்கியால் புள்ளிகளை இழந்தது. 2006-07, 2007-08 பருவங்களில் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து வென்ற கெடா, 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை.

பள்ளி, கல்லூரிக் குழுக்கள் ஆளை விலைக்கு வாங்க முடியாது. இருப்பவர்களைத்தான் வளர்க்க வேண்டும். இளையவர்களுக்கும் ஆட வாய்ப்புத் தர வேண்டும். எங்கள் கல்லூரிக் குழுவில் நானும் மாற்று ஆட்டக்காரன்தான். பயிற்சிக்கு மட்டும் ஒரு நாளும் மட்டம் போடுவதில்லை.