எல்லைக் கடவைகளில் சரக்கு லாரிகளின் மின்னணுப் பாதுகாப்புச் சோதனை

மின்னணுப் பாதுகாப்புச் சோதனை என்பது, நாட்டு எல்லையைக் கடந்து வரும் சரக்கு லாரிகளில் எதை நிறுத்தி முழுமையாகப் பரிசோதிப்பது, எதைத் தொடர்ந்து போகவிடுவது என்று கருவிகள், தரவுத்தளங்களின் துணையுடன் முடிவுசெய்யும் முறையாகும். இது சுங்கச் சோதனையிலிருந்து வேறுபட்டது. சுங்கத் துறை லாரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. பாதுகாப்புச் சோதனை, அந்த லாரி சாலையில் ஓடத் தகுதியானதா, ஓட்டுநருக்கு முறையான உரிமம் உள்ளதா என்று பார்க்கிறது. இம்முறை நீண்ட அரசியல் தகராறுக்கிடையே வளர்ந்த இடம் அமெரிக்க-மெக்சிகோ எல்லை.

பின்னணி

வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி மெக்சிகோ லாரிகளுக்கு அமெரிக்காவின் எல்லை மாநிலங்கள் 1995 இறுதியில் திறந்துவிடப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அதை நிறுத்திவைத்தது. எல்லையை ஒட்டிய வணிக வட்டாரத்துக்குள் மட்டுமே அவை ஓட முடிந்தது. ஆகவே மெக்சிகோவின் நெடுந்தூர லாரி எல்லை நகரில் டிரெய்லரைக் கழற்றிவிடும். 'டிரான்ஸ்ஃபர்' எனப்படும் உள்ளூர் லாரி அதைப் பாலத்தின் மறுகரைக்கு இழுத்துச் செல்லும். அங்கிருந்து அமெரிக்க லாரி எடுத்துச் செல்லும். நாள் முழுவதும் சில கிலோமீட்டர் போய்வரும் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பழைய வண்டிகளே பயன்பட்டன. எல்லையில் பாதுகாப்புக் கவலை எழ இதுவும் ஒரு காரணம்.

2001 பிப்ரவரியில் நடுவர் குழு அமெரிக்காவின் தடை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் எல்லையைத் திறப்பதற்குக் கடும் நிபந்தனைகளை விதித்தது. போக்குவரத்து மிகுந்த 10 கடவைகளில் ஓடும் வண்டியை எடைபோடும் கருவிகள் அமைப்பதும், ஓட்டுநர் உரிமங்களை மின்னணு முறையில் சரிபார்ப்பதும் அவற்றில் அடங்கும். 2007இல் தொடங்கிய சோதனைத் திட்டம் 2009இல் நிறுத்தப்பட, மெக்சிகோ பதிலுக்கு அமெரிக்கப் பொருள்கள் மீது வரி விதித்தது. 2011இல் புதிய திட்டம் தொடங்கி, 2015 ஜனவரியில்தான் நெடுந்தூர அனுமதி பொதுவாக்கப்பட்டது.

செயல்படும் முறை

லாரி எல்லைக்கு வருவதற்கு 1 மணி நேரம் முன்பே சரக்கு, வண்டி, ஓட்டுநர் விவரங்கள் மின்னணு முறையில் சுங்கத் துறைக்கு அனுப்பப்பட வேண்டும். ஃபாஸ்ட் என்னும் நம்பகமான வணிகர் திட்டத்தில் உள்ளவர்களுக்கு 30 நிமிடம் போதும். கடவையில் லாரியை அடையாளம் காண முன்கண்ணாடியில் உள்ள ரேடியோ அட்டையோ, எண்பலகையைப் படிக்கும் கேமராவோ உதவும். இந்தியச் சுங்கச்சாவடிகளில் உள்ள ஃபாஸ்டாகும் இதே வகைத் தொழில்நுட்பம்தான்.

அடையாளம் தெரிந்ததும் அந்த நிறுவனத்தின் பழைய சோதனை முடிவுகளும் விதிமீறல்களும் தேடப்படுகின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி முறையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 1 முதல் 100 வரை மதிப்பெண் உண்டு: 75 அல்லது அதற்கு மேல் என்றால் சோதிக்க வேண்டும், 50 முதல் 74 வரை அதிகாரியின் விருப்பம், அதற்குக் கீழ் என்றால் போகவிடலாம். முழுப் பரிசோதனையில் தேறிய வண்டிக்கு அதிகபட்சம் 3 மாதம் செல்லும் ஒட்டுவில்லை தரப்படும். அது இருந்தால் பொதுவாக மீண்டும் நிறுத்துவதில்லை.

சாலையில் பதித்த உணரிகள் ஓடும்போதே ஒவ்வொரு அச்சின் எடையையும் அளக்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 டன். சில இடங்களில் அகச்சிவப்புக் கேமராக்களும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சூடாகும். சூடாகாத சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை என்றும், அளவுக்கு மீறிச் சூடானதில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது பேரிங் பழுதாகியிருக்கலாம் என்றும் ஊகிக்கலாம்.

குறைபாடுகள்

இவை அனைத்தும் ஊகங்களே. ஐந்து அச்சு லாரியின் 10 பிரேக்குகளில் 2 பழுதென்றால் அது அங்கேயே நிறுத்தப்பட வேண்டும். ஆனால் அதை உறுதிசெய்ய ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். 37 படிகள் கொண்ட முழுப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். வரிசையில் ஊர்ந்து வரும் லாரியின் சக்கரங்கள் போதிய அளவு சூடேறியிருக்காது என்பதால், அகச்சிவப்புக் கேமராவை எங்கே வைப்பது என்பதும் சிக்கல்.

பெரிய ஓட்டை வேறொன்று. அட்டை இழுவண்டியை மட்டுமே அடையாளம் காட்டும். பின்னால் வரும் டிரெய்லர் வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கலாம்; தேய்ந்த டயரும் எரியாத விளக்கும் பெரும்பாலும் அதில்தான். மேலும் ஃபாஸ்ட் தடத்தில் வரும் நிறுவனம் சுங்கத் துறையின் நம்பிக்கையைப் பெற்றதே தவிர, அதன் பிரேக்குகள் நல்ல நிலையில் உள்ளன என்று அதற்குப் பொருளில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பரவலான தவறு.

2022 டெக்சஸ் நிகழ்வு

தேர்ந்தெடுக்காமல் எல்லா லாரிகளையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது 2022 ஏப்ரலில் தெரிந்தது. டெக்சஸ் ஆளுநர் கிரெக் ஆபட்டின் ஆணைப்படி, கூட்டாட்சிச் சோதனை முடிந்து வந்த லாரிகளை மாநிலக் காவலர்கள் மீண்டும் சோதித்தனர். கொலம்பியா பாலத்தில் காத்திருப்பு 5 மணி நேரத்தைத் தாண்டியதாகவும், லாரிப் போக்குவரத்து 60 விழுக்காடு குறைந்ததாகவும் எல்லைக் காவல் துறை தெரிவித்தது. காய்கறி, பழங்கள் பெருமளவில் வரும் ஃபார்-ரெய்னோசா பாலத்தை மெக்சிகோ ஓட்டுநர்களே மறித்துப் போராடினர். அண்டை மெக்சிகோ மாநிலங்கள் நான்குடன் உடன்பாடு கண்டபின் சுமார் 10 நாளில் ஆணை விலக்கப்பட்டது. அந்த நாள்களில் பிரேக், டயர், விளக்குக் குறைபாடுகளுக்காகப் பல லாரிகள் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டதும் உண்மைதான்.