உங்களுக்குத் தெரியுமா? மரத்துக்காகப் பிறந்த ரயில் ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளில் காஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மலை உச்சிகளில் அடர்ந்திருந்த ஸ்புரூஸ் மரங்களுக்காக 1901-ல் ஒரு காகித நிறுவனம் உருவாக்கிய ஊர் அது. அறுப்பு ஆலை, கடை, வரிசையாக நின்ற வெள்ளை மரவீடுகள் எல்லாமே நிறுவனத்தின் சொத்து.

வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. பாதை, சில இடங்களில் 100 அடி தூரத்துக்கு 11 அடி ஏறும். சாதாரண இன்ஜினின் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் 'ஷே' இன்ஜின்கள் வந்தன. அவற்றின் வலப்பக்கம் மூன்று சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும். அவை ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களும் ஒருசேர உருளும். வேகம் குறைவு, இழுவையோ அபாரம்!

1960-ல் ஆலை மூடப்பட்டது. தண்டவாளங்கள் பழைய இரும்பாகிப் போகாமல் காத்தவர்கள் ரயில் ஆர்வலர்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். மாநில அரசு பாதையை வாங்கி, 1963-ல் சுற்றுலா ரயிலைத் தொடங்கியது. 1905-ல் செய்த 5-ஆம் எண் ஷே இன்ஜின் இன்றும் காஸில்தான் இருக்கிறது.