ஒரே டிஷ், நாலு டி.வி.

வீட்டுக்கு ஒரு டி.வி. என்ற காலம் போய் அறைக்கு ஒன்று என்றாகிவிட்டது. எத்தனை பெட்டி, எத்தனை வயர், எவ்வளவு கட்டணம்? டிஷ் மாட்டும் முன்பே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளியை நெருங்கும்போது, 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோ ரயிலின் ஜன்னல் வழியே மொட்டை மாடிகள் வரிசையாகத் தெரிகின்றன. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, டிஷ் ஆண்டெனா. ஒரே மாடியில் நாலைந்து டிஷ்கள்கூட உண்டு. எல்லாமே தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தையே அண்ணாந்து பார்க்கின்றன.

காரணம் எளிது. பெங்களூர் இருப்பது 77.6 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். டாடா ப்ளே பயன்படுத்தும் செயற்கைக்கோள் 83 டிகிரியில் நிற்கிறது. சன் டைரக்டும் தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷும் 93.5 டிகிரியில், டிஷ் டிவி 95 டிகிரியில், ஏர்டெல் 108.2 டிகிரியில். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் இவை அனைத்தும் பெங்களூருக்குக் கிழக்கேதான் இருக்கின்றன.

பொம்மனஹள்ளித் தமிழர்களுக்கு இந்த டிஷ் வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. ஓசூர் சாலையின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், சற்றுத் தள்ளியுள்ள எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழக எல்லையிலுள்ள ஓசூர் சுமார் 30 கி.மீ. தொலைவுதான். ஆனால் காவிரிப் பிரச்சினை சூடேறினால் கேபிளில் முதலில் மறைவது தமிழ் சேனல்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் வாகனங்கள் எரிந்த நாட்களிலும் கேபிள் ஆபரேட்டர்கள் தமிழ் சேனல்களை நிறுத்தி வைத்தனர். டிஷ் வைத்திருந்த வீடுகளில் படம் நிற்கவில்லை. தெருமுனை ஆபரேட்டரின் கட்டுப்பாட்டில் இல்லாதது என்பதே அதன் பெரிய கவர்ச்சி.

இந்தச் சுதந்திரம் சுலபமாக வந்துவிடவில்லை. 1991இல் ஸ்டார் டி.வி.யும் 1993 ஏப்ரலில் சன் டி.வி.யும் வந்தபோது அவற்றைப் பிடிக்கப் பெரிய டிஷ் தேவைப்பட்டது. அது கேபிள் ஆபரேட்டரிடம்தான் இருந்தது. சிறிய டிஷ் மூலம் நேராக வீட்டுக்கே ஒளிபரப்பும் முறைக்கு 1997இல் மத்திய அரசு தடை போட்டது. 2000 நவம்பரில்தான் தடை விலகியது. 2003இல் டிஷ் டிவி முதலில் களமிறங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன், 2006இல் டாடா ஸ்கை (இன்றைய டாடா ப்ளே), 2007 டிசம்பரில் சன் டைரக்ட், 2008இல் ஏர்டெல் என்று பட்டியல் நீண்டது.

அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு டி.வி. இன்று நிலைமை வேறு. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் பாட்டிக்குத் தமிழ்த் தொடர். படுக்கையறையில் மகனுக்குக் கிரிக்கெட். கன்னடப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைக்குக் கன்னட கார்ட்டூன். மாடிப் போர்ஷனில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தம்பிக்குச் செய்தி. டி.வி. நாலு, டிஷ் ஒன்று. இங்கேதான் தவறு நடக்கிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டரை வாங்கி வயரைப் பிரித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கேபிள் டி.வி.க்கு அது சரி. டிஷ்ஷுக்குச் சரிப்படாது. டிஷ்ஷின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு, எந்த அலையைத் தர வேண்டும் என்று கட்டளையிடுவது கீழே இருக்கும் பெட்டி. செங்குத்து அலை வேண்டுமென்றால் வயர் வழியே 13 வோல்ட் அனுப்பும். கிடைமட்ட அலை வேண்டுமென்றால் 18 வோல்ட். ஒரே வயரில் இரண்டு பெட்டிகள் இருந்து ஒன்று 13, மற்றது 18 கேட்டால் எல்.என்.பி. 18க்கே கட்டுப்படும். 13 கேட்ட டி.வி.யில் ‘சிக்னல் இல்லை’ என்ற வாசகம் வந்து நிற்கும்.

எனவே நல்ல வழி, பெட்டிக்கு ஒரு தனி வயர். இரண்டு டி.வி. என்றால் இரண்டு வாய் உள்ள ட்வின் எல்.என்.பி.; நாலு என்றால் குவாட். டிஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை. மாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஆர்ஜி-6 ரக வயர் இறங்க வேண்டும். நடுவில் ஒட்டுப் போடாத வயராக இருப்பது முக்கியம்; ஒட்டில் மழைநீர் இறங்கினால் சிக்னல் தேய்ந்துவிடும். பல குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் மல்ட்டி ஸ்விட்ச் வைத்து ஒரே டிஷ்ஷை எல்லாருக்கும் பகிரலாம். வீடு கட்டும்போதே சுவருக்குள் குழாய் பதித்துவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

இரண்டு டி.வி.யிலும் ஒரே நிகழ்ச்சி ஓடினால் போதும் என்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு. ஒரே பெட்டியிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் மூலம் இரண்டு டி.வி.க்கும் படம் கொண்டுபோகலாம். ஆனால் கூடத்தில் பாட்டி சேனல் மாற்றினால் படுக்கையறையிலும் மாறிவிடும்.

அடுத்தது மாதக் கட்டணம். பெட்டிக்குப் பெட்டி நெட்வொர்க் கட்டணம் உண்டு. கட்டணச் சேனல்களின் விலை தனி. 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், ஒரே வீட்டின் இரண்டாவது டி.வி. முதல் நெட்வொர்க் கட்டணம் முதல் டி.வி.யின் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பையே அது எடுத்துவிட்டது. மாட்டுவதற்கும் இடம் மாற்றுவதற்கும் வாங்கும் கட்டணமும் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே முதல் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது பெட்டிக்கு மாதம் எவ்வளவு, அதில் வேறு சேனல்களைத் தேர்வு செய்ய முடியுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பாட்டியின் பெட்டிக்குக் கிரிக்கெட் சேனலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்துக்கு உதவாது. எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று ட்ராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆனாலும் நாலு பெட்டி வாங்கியவர் நிறுவனத்தை மாற்ற நினைத்தால் நாலும் பழைய சாமான்தான்.

இதற்கு ஓரளவு மாற்று, டி.டி. ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணமே கிடையாது. ஒருமுறை பெட்டி வாங்கினால் சரி. பத்து பெட்டி வைத்தாலும் சந்தா இல்லை. டி.டி. தமிழ், கன்னடத்துக்கு டி.டி. சந்தனா, இந்திச் சேனல்கள் கிடைக்கும். பிரபலமான தமிழ்த் தொடர் சேனல்களை எதிர்பார்க்க முடியாது. சன் டைரக்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: இரண்டும் ஒரே 93.5 டிகிரி. டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை, எல்.என்.பி.யில் இன்னொரு வாய் இருந்தால் அதிலிருந்து ஃப்ரீ டிஷ் பெட்டிக்கு வயர் இழுத்துவிடலாம். செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே பொருத்தப்பட்ட டி.வி.களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தரம் வகுத்துள்ளது. அத்தகைய டி.வி.க்கு இலவசச் சேனல்களைப் பார்க்கப் பெட்டியே தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரே டிஷ்ஷில் கட்டுவதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. பெங்களூரின் மாலை நேரத்துக் கனமழையில் சிக்னல் மங்கினால் நாலு டி.வி.யும் சேர்ந்தே இருளும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டபோது சன் டைரக்ட் வேறொரு செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாயிற்று. டிஷ்களைத் திருப்பி வைக்கும் வேலையும் கூடவே வந்தது.

ட்ராய் கணக்கின்படி, கட்டண டி.டி.ஹெச். இணைப்புகள் 2021 மார்ச்சில் 7 கோடியை ஒட்டி இருந்தன; 2025 மார்ச்சில் 5.7 கோடிக்கும் கீழே வந்துவிட்டன. இளைஞர்கள் செல்போனிலும் இணையத்திலும் பார்க்கிறார்கள். அதனால் நாலு டி.வி. உள்ள வீட்டுக்கும் நாலு கட்டணப் பெட்டி தேவைப்படாது. பெரியவர்கள் அதிகம் பார்க்கும் டி.வி.க்கு அவர்கள் மொழியில் முழுமையான கட்டணப் பெட்டி, இரண்டாவதற்குச் சிறிய பேக், மற்றவற்றுக்கு ஃப்ரீ டிஷ் அல்லது இணையம் என்று பிரித்துக்கொண்டால் செலவு அடங்கும். வயரை மட்டும் முதலிலேயே நாலாக இறக்கிவிட வேண்டும். பெட்டியை நாளை வாங்கலாம். வர்ணம் பூசிய சுவரை மறுபடி துளைப்பதுதான் கஷ்டம்.