நிழலில் மிளிரும் கோலியஸ்

சிவப்பு, ஊதா, மஞ்சள், வெளிர்பச்சை என இலையிலேயே கோலமிட்டு நிற்கும் கோலியஸ் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் அப்படியே. மூன்றும் ஒரே குடும்பம். கற்பூரவல்லியும், தென் மாவட்டங்களில் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கும் இதே கோலியஸ் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள்.

‘நிழல் விரும்பும் செடி’ என்று சொல்லக் கேட்டுப் பலர் இதை வீட்டுக் கூடத்தின் மூலையில் வைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் தண்டு நீள்கிறது, இலை சிறுக்கிறது, வண்ணம் மங்குகிறது, பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உரம் போதவில்லை என்று எண்ணி உரமும் இடுகிறார்கள். செடிக்கு வேண்டியது உரம் அன்று, ஒளி. பசியால் அது சாகிறது.

‘கூடம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். நம் கண் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். உச்சி வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. வெட்டவெளியில் சுவரோர நிழலில் சுமார் 10,000 லக்ஸ் கிடைக்கும். குழல் விளக்கு எரியும் அறையிலோ 200 லக்ஸ் அளவே. வெயிலுக்கும் அறைக்கும் ஐந்நூறு மடங்கு வேறுபாடு! ஆயினும் கண்ணின் பாவை விரிந்தும் சுருங்கியும், விழித்திரை தன் உணர்வை மாற்றியும் இரண்டு இடங்களிலும் நம்மைப் புத்தகம் படிக்க வைத்துவிடுகின்றன. செடிக்கு அந்த வசதி இல்லை. வந்து விழும் ஒளிக்குத் தக்கபடியே அது உணவு தயாரிக்கும்.

ஒளிமானி இல்லாமலே இடத்தைத் தேர்வு செய்ய ஓர் எளிய வழி உண்டு. தொட்டி வைக்கப்போகும் இடத்தில் உங்கள் தலையை வைத்து மேலே பாருங்கள். வானத்தின் ஒரு நல்ல பகுதி தெரிந்தால் அங்கே வைக்கலாம். வானமே தெரியாவிட்டால் வேண்டாம். காலை வெயில் சிறிது படலாம். நடுப்பகல் வெயில் பெரும்பாலான வகைகளுக்கு ஆகாது. இலை வெளிறி ஓரம் கருகும்.

சிவப்பு இலை எப்படி உணவு தயாரிக்கிறது? சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. அது பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இலை நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அதன் அடியில் பச்சையம் ஒளிந்திருக்கிறது. ஒரு சிவப்பு இலையை வெந்நீரில் இட்டால் ஆந்தோசயனின் நீரில் கரைந்து வெளியேறும், இலை பச்சையாகிவிடும்! பார்க்கத் தவறாதீர்கள். மிகுதியான ஒளியிலிருந்து பச்சையத்தைக் காக்கும் திரை இந்நிறமி என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒளி குறைந்தால் திரைக்கு வேலை இல்லை, சிவப்பும் குறைகிறது. ஆகவே வண்ணம் மங்கினால் தொட்டியை வெளிச்சத்தை நோக்கி நகர்த்துங்கள். வெளிறினால் உள்ளே தள்ளுங்கள்.

வளர்ப்பது கடினமன்று. செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். மேல்மண் காயத் தொடங்கியதும் நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி புதராகும். பூக்கதிர் தோன்றினால் அதையும் கிள்ளுங்கள். இங்கே அழகு இலையில்தான். மாவுப்பூச்சி கண்டால் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உதகை போன்ற இடங்களில் பனிக்காலத்தில் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். உறைபனியை இது தாங்காது.

புதிய செடிக்கு விதையை நம்ப வேண்டாம். விதையில் முளைப்பவை தாயின் வண்ணத்தோடு இருக்கும் என்பது உறுதியில்லை. பத்து சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஒரு குவளை நீரில் நிறுத்துங்கள். ஓரிரு வாரத்தில் வேர் விடும்.

ஒரே செடியிலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்தால் ஒரு சோதனையும் செய்யலாம். வேர் விட்டதும் ஒன்றைச் சுவரோர நிழலிலும் மற்றொன்றை அடர்ந்த மாமர நிழலிலும் வையுங்கள். சுவர் நிழலில் விழுவது வானத்தின் ஒளி. மர நிழலிலோ மேலுள்ள இலைகள் சிவப்பு ஒளியைத் தின்றுவிட்டு, நம் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாத தூரச் சிவப்பைப் பெருமளவு கீழே விடுகின்றன. ஒரு மாதம் கழித்து இரு செடிகளிலும் கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள நீளத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.