வாய்விட்டுப் படித்த தேர்வு, வாய்மூடிப் படிக்கும் தேர்வு

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் 1913-இல் ஒரு தேர்வை நடத்தியது. சர்டிஃபிகேட் ஆஃப் ப்ரொஃபிஷியன்சி இன் இங்கிலீஷ் என்று பெயர், சுருக்கமாக சிபிஇ. எழுத வந்தவர்கள் மூன்றே பேர். மூவருமே தோற்றுப்போனார்கள்.

வினாத்தாளைப் பார்த்தால் அவர்கள்மேல் இரக்கம்தான் வரும். மொத்தம் 12 மணி நேரத் தேர்வு. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க 2 மணி நேரம். அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவர, இலக்கணத்தோடு சேர்த்து, இரண்டரை மணி. இலக்கியத்துக்கு 3 மணி, கட்டுரைக்கு 2 மணி, ஒலியியலுக்கு ஒன்றரை மணி. கட்டுரைத் தலைப்புகளில் ஆங்கிலக் கவிஞர் மேத்யூ அர்னால்ட் இருந்தார். நாம் முதல் சுதந்திரப் போர் என்று சொல்லும் 1857-உம் இருந்தது, அவர்கள் பாஷையில் 'இந்தியக் கலகம்' என்று!

இவ்வளவு பெரிய தேர்வில் வாசிப்புக்கென்று தனித்தாள் கிடையாது. சொல்வதை எழுதுதல் அரை மணி நேரம் முடிந்த பிறகு, தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் பேச வேண்டும், அதற்கும் அரை மணி. புரிந்ததா இல்லையா என்பது மொழிபெயர்ப்பில் தெரிந்துவிடும். ஒரு வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டுமானால் அதில் ஒரு சொல்லைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியாது. வெளிநாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கான தேர்வு என்பதால் அத்தனை கண்டிப்பு. முதல் வருடம் என்பதால் பழைய வினாத்தாளும் இருந்திருக்க வழியில்லை. புத்தகங்களைப் படிப்பதுதான் தயாரிப்பு.

சிபிஇ-யில் வாசித்துப் புரிந்துகொள்ளுதல் தனித்தாளாக நிலைபெற்றது 1975 மாற்றத்தில்தான். அதற்கு ஒரு படி கீழே, 1991-இல், இப்போது சி1 அட்வான்ஸ்ட் எனப்படும் தேர்வு வந்தது. 2015-இலிருந்து அதில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் ஒரே தாள்: 90 நிமிடம், 8 பகுதிகள், 56 கேள்விகள். ஐந்து திறன்களின் சராசரிதான் இறுதி மதிப்பெண். 180 எடுத்தால் தேர்ச்சி. 200-ஐத் தொட்டால் அதற்கும் மேலான சி2 நிலை என்றே சான்றிதழில் எழுதித் தருவார்கள்.

அன்று முழுதாகப் படித்தார்கள், இன்று தேடிப் படிக்கிறார்கள். இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன் வாரத்துக்கு நூறு பக்கம் புரட்ட வேண்டியிருக்கும்போது, எதைத் தேட வேண்டும் என்று தெரிவதும் ஒரு படிப்புத்தான். எட்டாம் பகுதி அதைத்தான் சோதிக்கிறது. பத்து கருத்துகள் இருக்கும், எந்தக் கருத்து எந்தப் பத்தியில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2015-இல் புதிதாக வந்த ஆறாம் பகுதி இன்னும் பொல்லாதது. நான்கு அறிஞர்கள் ஒரே பொருளைப் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். யார் யாரோடு உடன்படுகிறார், யார் தனியாக நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் பேசும் திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைவரும்.

நம் பிள்ளைகள் வழுக்குவது வேறிடத்தில். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எழுது என்றுதான் பள்ளியில் பழகியிருக்கிறோம். இந்தத் தேர்வு அந்தப் பழக்கத்தையே தூண்டிலாகப் போடுகிறது. கேள்வியில் உள்ள அதே சொல் ஒரு பத்தியில் பளிச்சென்று தெரிந்தால், பெரும்பாலும் விடை அங்கே இருக்காது. வேறு சொற்களில் அடுத்த பத்தியில் ஒளிந்திருக்கும். ஐஈஎல்டிஎஸ் தேர்வில் 'சரி', 'தவறு' என்பவற்றோடு 'சொல்லப்படவில்லை' என்ற மூன்றாவது விடையும் உண்டு. அங்கே தடுமாறுவது வேறொரு பழக்கத்தால்: பத்தி சொல்லாததை நம் பொது அறிவு சொல்லிவிடுகிறது.

கோச்சிங் வகுப்புகள் இதற்கெல்லாம் உத்தி வைத்திருக்கின்றன. முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியின் முதல் வரியை மட்டும் பார், ஸ்கிம் செய், ஸ்கேன் செய். பாதிக்குப் பலிக்கும். ஏழாம் பகுதியில் பலிக்காது.

அங்கே ஒரு நீண்ட கட்டுரையிலிருந்து ஆறு பத்திகளை உருவி எடுத்துவிட்டு, கூட ஒரு போலியையும் சேர்த்து ஏழாகக் கலைத்துக் கொடுப்பார்கள். எது எங்கே பொருந்தும்? 'அந்த முடிவு' என்று ஒரு பத்தி தொடங்கினால், எந்த முடிவு என்பது அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். 'அவர்' என்றால் ஆள் ஏற்கெனவே உள்ளே வந்திருக்க வேண்டும். ஒன்றைத் தப்பாகச் செருகினால், அந்தப் பத்தி சேர வேண்டிய இன்னொரு இடமும் கெடும், இடத்துக்கு 2 மதிப்பெண். எழுதியவரின் யோசனை எப்படி நகர்கிறது என்று பின்தொடர்ந்தவரே இதில் தேறுவார். 1913-இல் மொழிபெயர்ப்பு கேட்ட அதே முழு வாசிப்பு, இங்கே வேறு உடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

மாதிரித் தேர்வுகளை அடுக்கிக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இருபது தாள் போட்ட பிறகும் மதிப்பெண் நகராத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தாள் கடிகாரத்தைப் பழக்கும். விடையை விடைத்தாளில் குறிக்கத் தனி நேரம் தரமாட்டார்கள் என்பதால் அந்தப் பழக்கமும் வேண்டியதுதான். ஆனால் வாசிப்பைத் தாள் வளர்க்காது.

தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தால் மாதிரித் தாள்களைக் கடைசி ஆறு வாரத்துக்கு எடுத்து வையுங்கள். அதுவரை தினம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை, அகராதியைத் தொடாமல், கடைசி வரி வரைக்கும் படியுங்கள். படித்து முடித்ததும் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கள்.