மயக்கம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கரும்புக் கட்டை லாரியில் ஏற்றும்போது தோளில் சுளீர் என்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவுகிறார்கள். அப்புறம் புத்தூர் கட்டு, அப்புறம் வலி ஊசி. மூன்று மாதம் ஓடிய பின் ஸ்கேன் எடுத்தால், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்தான்" என்கிறார் டாக்டர். களமருதூர்ப் பக்கம் இந்தக் கதை யாருக்கும் புதிதல்ல.

ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இங்கே கிழிந்திருப்பது தசைநாண். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு. தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் போர்வை போல மூடியிருக்கின்றன. அதை ஒட்டியே பைசெப்ஸ் தசையின் நாண் ஒன்று, புஜ எலும்பிலுள்ள பள்ளத்தின் வழியாக ஏறி, மூட்டுக்கு உள்ளேயே நுழைந்து தோள்பட்டைக் குழியின் விளிம்பில் முடிகிறது. போர்வை கிழிந்தவர்களுக்கு இந்த நாணும் நைந்துபோயிருப்பதோ, பள்ளத்தை விட்டு நழுவியிருப்பதோ உண்டு. போர்வையை மட்டும் தைத்துவிட்டு இதை அப்படியே விட்டால் வலி நிற்காமல் போகலாம். அதனால் டாக்டர் அதிலும் கைவைக்க வேண்டி வருகிறது.

வழி இரண்டு. நைந்த நாணை மூட்டுக்குள்ளேயே வெட்டி விட்டுவிடுவது ஒன்று. சீக்கிரம் முடியும், ஆணி கிடையாது, தேறுவதும் எளிது. ஆனால் வெட்டிய நாண் கீழே இறங்கி, முழங்கைக்கு மேல் சதை உருண்டை திரண்டு நிற்கலாம். கார்ட்டூனில் பாப்பாய் கையைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. சிலருக்குத் திருப்புளி முறுக்கும்போதும் இறுகிய மூடியைத் திறக்கும்போதும் கை பிடித்து இழுக்கும். இன்னொரு வழி, வெட்டிய நாணைப் புஜ எலும்பிலேயே திருகாணியோ நங்கூரமோ போட்டுப் பொருத்துவது. உருண்டை வருவது குறையும். ஆனால் செலவு கூடும், முதல் சில வாரங்கள் அந்தக் கையால் எதையும் மடக்கித் தூக்கக் கூடாது, அரிதாகப் பொருத்திய இடமே விட்டுப்போகும். வலி தீர்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வயதானவருக்கு முதலாவதும், மண்வெட்டி பிடித்துப் பிழைக்கிறவருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்று பல டாக்டர்கள் கருதுகிறார்கள். உங்கள் பிழைப்பு என்ன என்று அவருக்குத் தெரிந்தால்தானே?

சிக்கல் இங்கேதான். பைசெப்ஸ் நாணின் பழுது எம்.ஆர்.ஐ.யில் தெரியாமலும் போகும். கேமராவை உள்ளே விட்ட பிறகுதான் தெரியவரும். அப்போது நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள்.

2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த இடத்துக்கே எழுதியது போலிருக்கும். பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடியவரின் சம்மதத்தை வேறொருவர் தர முடியாது, ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய். தொகை அற்பம்தான், தீர்ப்பு அற்பமில்லை. கூடுதல் சிகிச்சைக்கான சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்கிவைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "உள்ளே பைசெப்ஸ் நாண் கெட்டிருந்தா என்ன சார் பண்ணுவீங்க? வெட்டுவீங்களா, பொருத்துவீங்களா?" பதிலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வார்டில் நீட்டப்படும் தாளில் சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தால் பேனாவைத் தொடாதீர்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் படித்துக் காட்டச் சொல்வதில் வெட்கமில்லை. கிருமித் தொற்று, நரம்புப் பாதிப்பு, தோள் இறுகிப்போவது, தைத்தது மறுபடி கிழிவது ஆகியவற்றையும் கேட்டுவைக்க வேண்டும்; சர்க்கரை, பீடி இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் சிகிச்சைக்கும் நங்கூரத்துக்கும் அதில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள். திட்டத்தில் அனுமதித்த பிறகு கையில் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. உள்ளே பொருத்திய ஆணியின் ஸ்டிக்கர் அதில் இருக்கிறதா பாருங்கள். சதை உருண்டை வந்ததாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று ஆகாது. அது தெரிந்த பின்விளைவு. அதைச் சொல்லாமல் வெட்டியிருந்தால்தான் வழக்கு. நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு; இழப்பீடு கேட்க, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே சிவில் நீதிமன்றம்தான்.

தோளைத் தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் கை தொட்டிலில் இருக்கும். பாரம் தூக்க நான்கைந்து மாதமாவது ஆகும், இடையில் பிசியோதெரபி வேறு. கூலி வராத மாதங்கள் இவை. நாள்பட்ட கிழிசல் என்றால், கரும்பு வெட்டு முடிகிறவரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். விழுந்து அடிபட்டுத் திடீரென்று கை தூக்க முடியாமல் போனவர்கள் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.